விதியும் முகமும்: அமெரிக்கத் தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சிகளின் உருவாக்குநரும் நெறியாளரும்

முன்னுரை

தொலைக்காட்சி வரலாற்றை எழுதுவோர் செய்திக்கும் நாடகத்திற்கும் அளித்த இடத்தை விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கு அளித்ததில்லை. பரிசுப் பொருளும் கைதட்டலும் நிறைந்த இவ்வகை, ஆய்வுக்குரிய தகுதியற்றது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். ஆயினும் அமெரிக்காவில் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இடையறாது நிலைத்த தொலைக்காட்சி வகைகளுள் இதுவும் ஒன்று. அதைச் சுற்றி எழும் வாதமும் ஓய்ந்ததில்லை. நெறியாளருள் தலைசிறந்தவர் பில் கல்லனா, பாப் பார்க்கரா, மான்டி ஹாலா, அலெக்ஸ் ட்ரெபெக்கா? உருவாக்குநருள் முதன்மையானவர் மார்க் குட்சனா, மெர்வ் கிரிஃபினா, சக் பாரிஸா? இவ்வினாக்கள் தலைமுறைதோறும் எழுப்பப்படுகின்றன.

இவ்வாதம் தனக்கென ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்ளாமலேயே நடைபெறுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. விளையாட்டை வகுத்தவர், அதன் உரிமையைப் பெற்றவர், அதன் முகமாக நின்றவர் ஆகிய மூவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதால் விடை கிட்டுவதில்லை. 1950களின் இறுதியில் வெளிப்பட்ட வினா விடை மோசடிகள் இவ்வகையின் வரலாற்றை இரண்டாகப் பிளந்தன. அதன்பின், பார்வையாளரின் நம்பிக்கையை எவர் எவ்வாறு மீட்டனர் என்பதே பெருமையை அளக்கத்தக்க கோல் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அமெரிக்க நிகழ்ச்சிகளே இதன் களம். பிரித்தானியாவில் தோன்றித் தமிழுக்கும் வந்த ஒரு வடிவம் பற்றிய குறிப்பு இறுதிப் பகுதியில் இடம்பெறுகிறது.

வழக்கமான அளவுகோல்கள்

நெறியாளரைப் போற்றுவோர் பெரும்பாலும் காலத்தையும் எண்ணிக்கையையும் காட்டுவர். பார்க்கர் 1972 முதல் 2007 வரை 35 ஆண்டுகள் 'தி பிரைஸ் இஸ் ரைட்' நிகழ்ச்சியை நடத்தினார். ட்ரெபெக் 1984 முதல் தம் இறுதி நாட்கள் வரை 'ஜெப்பர்டி' நிகழ்ச்சியின் 8,000க்கும் மேற்பட்ட பகுதிகளை நடத்தினார். கல்லன் இருபதுக்கும் மேற்பட்ட வெவ்வேறு விளையாட்டுகளுக்கு நெறியாளராக இருந்தார். உருவாக்குநரைப் போற்றுவோர் பொருளீட்டலைக் காட்டுவர். கிரிஃபின் 1986இல் தம் நிறுவனத்தை 25 கோடி டாலருக்கு விற்றார் என்பது அவர்கள் தவறாது எடுத்துரைக்கும் சான்று.

இவை நிலைபேற்றையும் வணிக வெற்றியையும் காட்டுமேயன்றி, ஒரு விளையாட்டு ஏன் நம்பப்பட்டது என்பதைக் காட்டா. தமிழ் மரபில் நூலாசிரியரையும் உரையாசிரியரையும் ஒருவரோடொருவர் ஒப்பிட்டு எவர் பெரியவர் எனக் கேட்பதில்லை. ஒருவர் நூற்பாவை யாத்தவர். மற்றவர் அதனைக் கற்போர்க்கு விளங்க வைத்தவர். விளையாட்டு நிகழ்ச்சியின் விதியை நூற்பாவாகவும் நெறியாளரை உரைகாரராகவும் கொண்டால் இவ்வாதத்தின் குழப்பம் பெருமளவு நீங்கும். உரைகாரர் நூற்பாவைத் திருத்தலாகாது. திருத்துவதாக ஐயம் எழுந்தாலே அவரது உரை மதிப்பிழக்கும்.

1954ஆம் ஆண்டுத் தீர்ப்பும் பெரும்பரிசும்

வானொலிக் காலத்து வினா விடைப் போட்டிகளின் பரிசு சிறியது. புகழ்பெற்ற ஒரு வானொலி நிகழ்ச்சியின் உச்சப் பரிசு 64 டாலரே. பின்னர் நேயர்களுக்குப் பெரும்பொருள் வழங்கும் நிகழ்ச்சிகள் பெருகியபோது, அவை பரிசுச்சீட்டுக்கு ஒப்பானவை என்று கூறி நடுவண் தகவல் தொடர்பு ஆணையம் தடுக்க முற்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வீட்டிலிருந்து கேட்டுப் பங்கு கொள்வது, சீட்டு வாங்கப் பணம் செலுத்துவதைப் போன்றதன்று என 1954 ஏப்ரலில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பரிசுக்கு இருந்த சட்டத் தடை இவ்வாறு நீங்கியது.

அடுத்த ஆண்டு ஜூன் 7ஆம் நாள் சிபிஎஸ் வலைப்பின்னலில் '64,000 டாலர் கேள்வி' தொடங்கியது. வானொலியின் 64 டாலரை ஆயிரம் மடங்காக்கிய இதனை உருவாக்கியவர் லூயிஸ் கோவன். நெறியாளர் ஹால் மார்ச். விளம்பரதாரர் ரெவ்லான் ஒப்பனைப் பொருள் நிறுவனம். ஒவ்வொரு சரியான விடைக்கும் தொகை இரட்டித்தது. கையிலுள்ளதைக் கொண்டு விலகுவதா, அடுத்த வாரம் மீண்டும் வருவதா என்னும் தவிப்பே நிகழ்ச்சியின் உயிர். எளிய தொழில் செய்வோர் அரிய புலமை காட்டி வென்றதை நாடே கண்டு வியந்தது.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. எவர் வெல்வார் என்று தெரியாமையே விளையாட்டின் சுவை. ஆனால் அக்காலத்தில் ஒரு நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்த நிறுவனத்திற்கு, மக்கள் விரும்பும் போட்டியாளர் நீடிக்க வேண்டும், விரும்பாதவர் விலக வேண்டும் என்பதே தேவை. விதிக்கும் விளம்பரத்திற்கும் இடையிலான இம்மோதலில் விதி தோற்றது.

நம்பிக்கையின் முறிவு

1956 செப்டம்பரில் என்பிசி வலைப்பின்னலில் தொடங்கிய 'ட்வென்டி ஒன்' இம்மோதலின் முழு வடிவம். ஜாக் பாரி, டான் என்ரைட் இருவரும் அதன் தயாரிப்பாளர். பாரியே நெறியாளரும் ஆவார். ஒலி புகாத இரு கூண்டுகளில் இரு போட்டியாளர் நிற்பர். ஒருவரது மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாது. ஒன்று முதல் பதினொன்று வரை கடினத்தைத் தாமே தெரிந்து, 21ஐ முதலில் எட்டியவர் வெல்வார். விதி நேர்த்தியானது. ஆனால் முதல் ஒளிபரப்பில் போட்டியாளர் விடை தெரியாது தடுமாறியதால் ஆட்டம் சோர்ந்தது, விளம்பரதாரர் சினந்தார். அதன்பின் வினாவும் விடையும் முன்கூட்டியே சிலருக்கு அளிக்கப்பட்டன. நெற்றி வியர்வையைத் துடைக்கும் முறையும் விடை கூறுமுன் தயங்கும் கால அளவும்கூடக் கற்பிக்கப்பட்டன.

ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்பவர் பல வாரங்கள் வென்ற பின், தோற்குமாறு பணிக்கப்பட்டார். 1956 டிசம்பர் 5ஆம் நாள், முந்தைய ஆண்டின் சிறந்த திரைப்படத்திற்கான ஆஸ்கர் விருதை வென்ற படம் எது என்னும் வினாவுக்கு அவர் வேண்டுமென்றே தவறான விடை கூறினார். சரியான விடையாகிய 'மார்ட்டி' அவர் விரும்பிப் பார்த்த படம். அவரை வென்றவராகக் காட்டப்பட்ட சார்லஸ் வான் டோரன், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர். புகழ்பெற்ற இலக்கியக் குடும்பத்தினர். அவர் வென்ற தொகை 1,29,000 டாலர்.

1958 ஆகஸ்டில் 'டாட்டோ' என்னும் மற்றொரு நிகழ்ச்சியில், போட்டியாளர் ஒருவரின் குறிப்பேட்டில் விடைகள் எழுதப்பட்டிருந்ததை வேறொருவர் கண்டதால் மோசடி அம்பலமாகத் தொடங்கியது. நியூயார்க்கில் நடந்த விசாரணையில் சாட்சியளித்த ஏறத்தாழ 150 பேரில் 50 பேரே உண்மை கூறியிருக்கக்கூடும் என அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகன் மதிப்பிட்டார். 1959 நவம்பர் 2ஆம் நாள் நாடாளுமன்றக் கீழவையின் துணைக்குழு முன் வான் டோரன் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகப் பணியையும் தொலைக்காட்சிப் பணியையும் இழந்தார்.

ஆட்டத்தை முன்கூட்டியே அமைத்தமைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அன்றைய சட்டத்தில் அது குற்றமாகவே இல்லை. பொய்ச்சாட்சி கூறியமைக்கே சிலர் வழக்கைச் சந்தித்தனர். 1960இல் தகவல் தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டு, வினா விடைப் போட்டியின் முடிவை மறைவாக அமைப்பது குற்றமாக்கப்பட்டது. எனவே இன்றைய விளையாட்டு நிகழ்ச்சி கேளிக்கையாயினும் சட்டத்தால் காக்கப்படும் ஒரு வாக்குறுதியும் ஆகும். இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் 1960க்கு முந்தைய நெறியாளரையும் பிந்தையவரையும் ஒப்பிடுவது பொருந்தாது.

பாரியைப் பற்றிய மதிப்பீடு இங்கு கடினமாகிறது. அவர் திறமை மிக்க நெறியாளர் என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழப் பத்தாண்டு ஒதுங்கியிருந்த பின் மீண்டு வந்து, 1972இல் 'தி ஜோக்கர்ஸ் வைல்ட்' மூலம் வெற்றியும் பெற்றார். எனினும் விதியை வகுத்தவரும், உரிமையாளரும், முகமும் ஒருவரேயாக இருந்ததே 'ட்வென்டி ஒன்' வீழ்ச்சியைத் தடுக்க இயலாமற் செய்தது. ஆட்டத்தின் விதியைக் காக்க வேண்டிய இடத்தில் நின்றவரே அதன் இலாபத்திலும் பங்குடையவராக இருந்தார்.

குட்சன், டாட்மன்: சிறுபரிசின் வலிமை

மோசடிப் புயலில் பெரும்பரிசு நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக மறைந்தபோது, மார்க் குட்சனும் பில் டாட்மனும் நடத்திய நிறுவனம் பெரிதும் காயமின்றித் தப்பியது. இதனை நற்பேறு எனக் கொள்வது போதாது. அவர்களது விளையாட்டுகளின் அமைப்பிலேயே காரணம் உள்ளது.

1950 பிப்ரவரியில் தொடங்கி 1967 வரை நடந்த 'வாட்ஸ் மை லைன்?' அவர்களது முதற்பெரும் வெற்றி. விருந்தினரின் தொழில் யாதென்பதை நால்வர் குழு ஆம், இல்லை என்னும் விடைகளைக் கொண்டே கண்டறிய வேண்டும். ஒவ்வொரு 'இல்லை'க்கும் 5 டாலர். பத்து 'இல்லை'க்கு 50 டாலரோடு ஆட்டம் முடியும். விடை பார்வையாளருக்கு முன்பே காட்டப்பட்டுவிடும். ஆகவே சுவை விடையில் இல்லை, தேடலில் உள்ளது. பொய் சொல்லிப் பெறத்தக்க பொருளும் இல்லை. நெறியாளராக அமர்ந்த ஜான் சார்லஸ் டேலி செய்தியாளர். 1941இல் பேர்ல் துறைமுகத் தாக்குதலை வானொலியில் அறிவித்த குரல்களுள் ஒன்று அவருடையது. விளையாட்டில் அவர் காட்டிய மரியாதையும் சொற்பொருள் நுணுக்கமும் செய்தி அறையிலிருந்து வந்தவை.

இந்நிறுவனத்தின் பிற ஆக்கங்களிலும் இத்தகைய அடித்தளம் காணப்படுகிறது. 'தி பிரைஸ் இஸ் ரைட்' கேட்பது பொருளின் விலையை. அது கடைச்சீட்டில் உள்ளது. 1976இல் தொடங்கிய 'ஃபேமிலி ஃபியூட்' கேட்பது நூறு பேரிடம் எடுத்த கருத்துக் கணிப்பில் மிகுதியானோர் கூறியதை. அங்கு சரியான விடை என்பதே இல்லை, பெரும்பான்மை விடை மட்டுமே உண்டு. அறிஞரை வியந்து நோக்கும் நிலையிலிருந்து அயலவரின் மனத்தை ஊகிக்கும் நிலைக்கு விளையாட்டு இவ்வாறு இடம்பெயர்ந்தது. புலமைக்கு இது இழப்பு எனக் குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. ஆனால் வான் டோரனுக்குப் பின், புலமையைத் திரையில் காட்டுவோரை நம்பும் மனநிலை நாட்டில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பிய விதிகள் இவை.

ஆக்கியோர் பெயர்

குட்சனைத் தலைசிறந்த உருவாக்குநர் என்னும் வாதம் ஓரிடத்தில் இடறுகிறது. அவரது நிறுவனத்தின் பெயரால் அறியப்படும் பல விளையாட்டுகளை எண்ணி எடுத்தவர்கள் வேறு சிலர். 'தி பிரைஸ் இஸ் ரைட்', 'டு டெல் தி ட்ரூத்', 'பாஸ்வேர்ட்' ஆகிய மூன்றுக்கும் மூலவர் அங்குப் பணியாற்றிய பாப் ஸ்டூவர்ட். நியூயார்க்கில் அவர் கண்ட ஏலக்கடை ஒன்றிலிருந்து விலை ஊகிக்கும் ஆட்டம் பிறந்ததாகக் கூறப்படுகிறது. 1964இல் அவர் வெளியேறித் தம் பெயரில் நிறுவனம் நடத்தினார். 1973இல் டிக் கிளார்க்கை நெறியாளராகக் கொண்ட 'பிரமிட்' விளையாட்டைப் படைத்தார். 'ஐ'வ் காட் எ சீக்ரெட்' என்பதன் மூலக் கருத்தும் ஆலன் ஷெர்மன், ஹோவர்ட் மெரில் இருவரும் கொண்டுவந்ததே. ஒளிபரப்பின் முடிவில் கேட்ட பெயர் குட்சன், டாட்மன் என்பதே.

இதனால் குட்சனின் பங்கு குறைவதில்லை. அதன் தன்மை தெளிவாகிறது. வந்த கருத்தைச் சோதித்து, மிகையைக் களைந்து, ஒரு வரியில் விளக்கத்தக்க விதியாகச் சுருக்குவதே அவரது கலை. அவரை ஆக்கியோர் என்பதினும் தொகுத்தோர் என்பது பொருந்தும். சங்கப் பாடல்களைத் தொகுத்தோரும் தொகுப்பித்தோரும் தனித்தனியே பெயர் பெற்ற மரபை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று.

'ஜெப்பர்டி'யின் தோற்றம் இன்னும் கூர்மையான சான்று. 1963இல் விமானப் பயணத்தின்போது, வினா விடை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்க விரும்பியும் மோசடிகளின் நினைவால் வலைப்பின்னல்கள் அஞ்சுகின்றன என மெர்வ் கிரிஃபின் கூறினார். விடையை முதலிலேயே கொடுத்துவிட்டால் என்ன என்றார் அவர் மனைவி ஜுலான் கிரிஃபின். 5,280 என்பது விடை என்றால், ஒரு மைலில் எத்தனை அடி என்பது வினா. விடை கொடுத்தார்கள் என்ற பழிச்சொல்லையே விளையாட்டின் விதியாக மாற்றிய அக்கணத்தில், மோசடிக் காலம் விட்டுச்சென்ற வடு ஒரு வடிவமாக உருப்பெற்றது. 1964 மார்ச் 30ஆம் நாள் ஆர்ட் ஃபிளெமிங் நெறியாளராக அது என்பிசியில் தொடங்கியது. கருத்து மனைவியுடையது என்பதைக் கிரிஃபின் மறைத்ததில்லை. ஆயினும் சிறந்த உருவாக்குநர் யார் என்னும் வாதங்களில் அவர் பெயர் எழும் அளவுக்கு அம்மையாரின் பெயர் எழுவதில்லை.

பெண்கள் நிலை நெறியாளர் வரிசையிலும் இதுவே. சிறந்த விளையாட்டு நிகழ்ச்சி நெறியாளருக்கான பகல்நேர எம்மி விருதைப் பெற்ற முதல் பெண் பெட்டி வைட், ஆண்டு 1983. அதுவரை மேடையில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் பெரும்பாலும் பரிசுப் பொருளுக்கு அருகில் நிற்பதாகவே இருந்தது.

நெறியாளர் மூவர்

நம்பிக்கை என்னும் கோலால் அளக்கும்போது நெறியாளருள் மூவகையினர் புலப்படுகின்றனர்.

முதல்வகை, விதிக்குள் தம்மை மறைத்துக்கொள்வோர். பில் கல்லன் இதற்கு எடுத்துக்காட்டு. குழந்தைப் பருவ இளம்பிள்ளை வாதத்தால் நடையில் ஊனமுற்ற அவர், மேடையில் நடக்க நேராதவாறு அரங்கு அமைக்கப்பட்டது. பெரும்பாலான பார்வையாளர் இதை அறியவில்லை. இருந்த இடத்திலிருந்தே ஆட்டத்தின் ஓட்டத்தைக் குரலால் நடத்திய அவரைச் சக நெறியாளரே ஆசானாகக் கொண்டனர்.

இரண்டாம் வகை, விதியைத் தம் கையில் வைத்திருப்பதை வெளிப்படையாகக் காட்டுவோர். ஸ்டீஃபன் ஹட்டோசுடன் சேர்ந்து 'லெட்ஸ் மேக் எ டீல்' நிகழ்ச்சியை 1963இல் உருவாக்கித் தாமே நடத்திய மான்டி ஹால் இவ்வகையினர். கனடாவின் வின்னிபெக்கில் குடியேறியோர் குடும்பத்தில் பிறந்தவர். கையிலுள்ள பொருளை விட்டுத் திரைக்குப் பின்னுள்ளதைத் தேர்வதா என்னும் பேரமே அவர் ஆட்டம். 1975இல் புள்ளியியலாளர் ஸ்டீவ் செல்வின் இவ்வாட்டத்தை ஒரு நிகழ்தகவுக் கணக்காக்கினார். 1990இல் மேரிலின் வாஸ் சவான்ட் தம் பத்தியில் அதற்கு விடை எழுதியபோது பெரும் சர்ச்சை மூண்டது. மூன்று கதவுகளில் ஒன்றன்பின் கார். போட்டியாளர் ஒன்றைத் தேர்ந்தபின், நெறியாளர் வேறொரு வெற்றுக் கதவைத் திறந்து காட்டி, மாற விருப்பமா எனக் கேட்கிறார். மாறினால் வெற்றி வாய்ப்பு மூன்றில் இரண்டு. கணித ஆசிரியர் பலரும் இவ்விடையை முதலில் மறுத்தனர்.

இக்கணக்கின் அடிப்படை கருதத்தக்கது. நெறியாளர் எப்போதும் வெற்றுக் கதவைத் திறக்க வேண்டும், எப்போதும் மாற வாய்ப்பளிக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு இருந்தால் மட்டுமே மூன்றில் இரண்டு என்பது பொருந்தும். தம் நிகழ்ச்சியில் தமக்கு அத்தகைய கட்டாயம் இல்லை என்பதைப் பின்னர் ஹாலே சுட்டிக்காட்டினார். நெறியாளர் விதிக்குக் கட்டுப்பட்டவரா, கட்டற்றவரா என்பதைப் பொறுத்தே கணக்கின் விடை மாறுகிறது. எழுபது ஆண்டு வாதத்தின் கரு இச்சிறு கணக்கில் அடங்கியிருக்கிறது எனலாம்.

மூன்றாம் வகை, விதியின் காவலராகத் தம்மை நிறுத்திக்கொள்வோர். அலெக்ஸ் ட்ரெபெக் அதன் முழுமை. கனடாவின் சட்பரியில் உக்ரேனியத் தந்தைக்கும் பிரெஞ்சு மொழித் தாய்க்கும் 1940இல் பிறந்தவர். கனடிய ஒலிபரப்புக் கழகத்தில் பள்ளி மாணவர்க்கான வினா விடைப் போட்டியை நடத்தியவர். 'ஜெப்பர்டி'யில் விடை அறிந்தோர் போட்டியாளரோடு பழகாதவாறு பிரித்து வைக்கப்படுகின்றனர். நெறியாளரும் அவ்விதிக்கு உட்பட்டவரே. அன்றன்று கேட்கவிருக்கும் குறிப்புகளை ட்ரெபெக் காலையிலேயே படித்து, உச்சரிப்பும் பொருளும் சரிபார்த்து வருவார். போட்டியாளர் வெல்லும்போது அவர் மகிழ்ந்தார். ஆனால் எவர் வெல்ல வேண்டும் என அவர் விரும்பியதாக எவரும் ஐயுறவில்லை. திருக்குறள் 'நடுவு நிலைமை' என ஓர் அதிகாரம் வகுத்துப் போற்றும் பண்பு இது.

முகம் மாறியபோது

2019 மார்ச்சில் தமக்குக் கணையப் புற்றுநோய் இருப்பதை ட்ரெபெக் நேயர்களுக்குத் தாமே அறிவித்தார். சிகிச்சைக்கு இடையிலும் பணியாற்றி, 2020 நவம்பர் 8ஆம் நாள் மறைந்தார். பல விருந்தினர் மாறி மாறி நடத்திய பின், 2021 ஆகஸ்டில் நிகழ்ச்சியின் நிருவாகத் தயாரிப்பாளர் மைக் ரிச்சர்ட்சே நிலையான நெறியாளராக அறிவிக்கப்பட்டார். அவரது பழைய பேச்சுகள் வெளிவந்து எதிர்ப்பு மூண்டதால் சில நாட்களிலேயே அப்பொறுப்பைத் துறந்தார்.

பேச்சுகளே உடனடிக் காரணம் என்பது உண்மை. எனினும் நெறியாளரைத் தேடும் பணியில் இருந்தவரே நெறியாளராக வந்தமை முன்பே முணுமுணுப்பை எழுப்பியிருந்தது. ஆட்டத்தை நடத்துவோர் அதனால் பயன்பெறக் கூடாது என்னும் 1959ஆம் ஆண்டுப் பாடம் நேயர் நினைவில் எவ்வளவு ஆழப் பதிந்துள்ளது என்பதை இது காட்டுகிறது. இறுதியில் அப்பொறுப்புக்கு நிலைத்தவர், 2004இல் தொடர்ந்து 74 ஆட்டங்களை வென்ற போட்டியாளர் கென் ஜென்னிங்ஸ். விதிக்கு உட்பட்டு வென்றவரை விதியின் காவலராக ஏற்க நேயர்க்குத் தயக்கம் எழவில்லை.

தமிழில் கோடீஸ்வரன்

1998 செப்டம்பரில் பிரித்தானியாவில் தொடங்கிய 'ஹு வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்?' நிகழ்ச்சியின் மூலக் கருத்து டேவிட் பிரிக்ஸ், மைக் வைட்ஹில், ஸ்டீவ் நைட் ஆகியோருடையது. தயாரித்தது செலடார் நிறுவனம். அரங்கின் ஒளி, இசை, நெறியாளர் அமரும் முறை உட்பட முழு வடிவமும் உரிமமாக நாடுதோறும் விற்கப்பட்டது. அமெரிக்க இலாபத்தில் தமக்குரிய பங்கு மறுக்கப்பட்டதாக டிஸ்னி நிறுவனத்தின் மீது செலடார் தொடுத்த வழக்கில், 2010இல் கலிபோர்னிய நடுவர் குழு ஏறத்தாழ 27 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. விதியும் ஒரு சொத்து என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறிய தீர்ப்பு அரிது.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டு ஜூலையில் அமிதாப் பச்சன் நடத்த இந்தியில் இது வந்தது. அதே ஆண்டில் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' தமிழ் நேயரை ஈர்த்தது. 2012இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' தொடங்கியது. அடுத்த பருவங்களைப் பிரகாஷ்ராஜும் அரவிந்த்சாமியும் நடத்தினர். 2019 இறுதியில் கலர்ஸ் தமிழில் பெண்கள் மட்டும் பங்குபெற்ற 'கோடீஸ்வரி'யை ராதிகா நடத்தினார்.

இவ்வரிசையில் உள்ளோர் அனைவரும் திரைக்கலைஞர். ட்ரெபெக்கின் நம்பகம் ஆட்டத்திற்குள்ளிருந்து ஆண்டுகள் பல கடந்து விளைந்தது. தமிழ் நெறியாளரின் நம்பகம் திரையரங்கிலிருந்து ஆட்டத்திற்குள் கொண்டுவரப்பட்டது. மேலும், தமிழ் நேயர் பட்டிமன்றத்தில் பழகியவர். அங்கு நடுவர் இரு தரப்பையும் கேட்டுத் தம் தீர்ப்பைத் தாமே கூறுகிறார், அதற்காகவே காத்திருக்கிறோம். வினா விடை அரங்கிலோ தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுள்ளது; நெறியாளர் அதை அறிவிப்பவர் மட்டுமே. தீர்ப்புரைக்கும் நடுவரைப் போற்றிய மரபினர், தீர்ப்புரைக்காத நெறியாளரை நடிகரின் உருவில் ஏற்றுக்கொண்டனர்.

பட்டிமன்றம் தமிழர் தாமே வளர்த்த வடிவம். கோடீஸ்வரன் விலைக்கு வாங்கிய வடிவம். வாங்கிய வடிவத்திலும் தமிழர் செய்த பணி ஒன்று உண்டு. கல்வி, வயது, வட்டாரம் வேறுபட்ட போட்டியாளர்க்குப் பொருந்துமாறு, படிப்படியாகக் கடினமாகும் வினாக்களைத் தமிழில் யாத்தவர்கள் அப்பணியைச் செய்தனர். நேயர் நினைவில் நிற்பவை நடிகர் பெயர்களே. ஸ்டூவர்ட்டுக்கும் ஜுலான் கிரிஃபினுக்கும் நேர்ந்தது இங்கும் நேர்கிறது.

முடிவுரை

தலைசிறந்தவர் எவர் என்னும் வாதத்திற்கு இக்கட்டுரை ஒரு பெயரை விடையாகத் தரவில்லை. வினாவைப் பிரித்துக் கேட்க வேண்டும் என்கிறது. உருவாக்குநரை அளக்க, நெறியாளர் மாறிய பின்னும் ஆட்டம் நிலைத்ததா எனக் கேட்க வேண்டும். 'ஜெப்பர்டி'யும் 'தி பிரைஸ் இஸ் ரைட்'டும் அத்தேர்வில் வென்றன. நெறியாளரை அளக்க, முடிவை மாற்ற அவர் விரும்பியிருக்கக்கூடும் என்னும் ஐயம் எழுந்ததா எனக் கேட்க வேண்டும். ட்ரெபெக்கும் கல்லனும் அத்தேர்வில் வென்றனர். பாரி தம் திறமை அனைத்தோடும் தோற்றார். உரிமையாளரை அளக்க, கருத்தைத் தந்தவரின் பெயர் எங்கே எனக் கேட்க வேண்டும். அத்தேர்வில் முழுமையாக வென்றோர் மிகச் சிலரே.

தமிழ்த் தொலைக்காட்சியின் முதல் தலைமுறைப் பணியாளர் பலர் இன்று முதுமையில் உள்ளனர். வினா யாத்தோர், விதி சமைத்தோர், அரங்கின் பின்னிருந்து ஆட்டத்தின் நேர்மையைக் காத்தோர் ஆகியோரின் நினைவுகளைப் பதிவு செய்யும் பணியைத் தமிழ்நாட்டிலும் தமிழர் வாழும் பிற நாடுகளிலும் உள்ள ஆய்வு நிறுவனங்கள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டும். ஒளிநாடாவில் நெறியாளரின் முகம் இருக்கும். விதி சமைத்தோரின் பெயர் அவர்களைக் கேட்டு எழுதினாலன்றிக் கிடைக்காது.